இடம் இருக்க இடமில்லை என்னும் சர்வர்: ஐநோடுப் பஞ்சமும் கோப்புச் சிதறலும்

லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் இருப்பவர்கள் என்றேனும் ஒருநாள் சந்தித்தே தீரவேண்டிய விசித்திரங்களுள் ஒன்று, வட்டில் பாதிக்குமேல் காலியாகக் கிடக்கும்போதே, ஒரு வரிக் கோப்பைக்கூட எழுத மாட்டாமல், 'சாதனத்தில் இடம் மீதமில்லை' என்று இயந்திரம் கையை விரித்துவிடுவதாகும். கர்னல் இச்செய்தியை ஈஎன்ஓஎஸ்பிசி என்ற பெயரோடும் 28 என்ற பிழையெண்ணோடும் திருப்பியனுப்புகிறது. தன்மையிலே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு பஞ்சங்களுக்கும் இந்த ஒரே எண்ணைப் பொதுவாக வைத்துவிட்டதுதான், நடுநிசியில் எழுப்பப்பட்ட நிர்வாகி கண்ணை மூடிக்கொண்டு பழைய லாக் கோப்புகளை அழிப்பதற்கும், அழித்த பிறகும் குறை தீராமல் விழிப்பதற்கும் மூலகாரணம். ஆகவே இந்த அத்தியாயத்தில் நிவாரணத்தைக் காட்டிலும் நிர்ணயத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்படியே தமிழில் எழுதியிருப்பதால், விசைப்பலகையில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துக்களில் அடிக்கவேண்டும் என்பதை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

ஒரு கோப்பு வட்டில் வாழ்வதற்கு இரண்டு பொருள்கள் தேவை: அதன் உள்ளடக்கத்தைத் தாங்கும் பிளாக்குகள் ஒன்று, அந்தக் கோப்பின் உரிமையாளர், அனுமதிகள், நீளம், காலக்குறிப்புகள், பிளாக்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற விவரம் ஆகியவற்றைக் கொண்ட ஐநோடு மற்றொன்று. ஊரில் புறம்போக்கு நிலம் எவ்வளவு கிடந்தாலும், பட்டாப் புத்தகத்தில் ஏடு தீர்ந்துவிட்டால் புதிதாக ஒருவருக்கும் ஒரு சென்டுகூடப் பதிவுசெய்ய முடியாதல்லவா? எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் நிலை ஏறத்தாழ அதுவே. அந்தப் புத்தகத்துக்கு எத்தனை ஏடு என்பது, வட்டை ஃபார்மட் செய்த அன்றே, பெரும்பாலும் எவருடைய பிரக்ஞையும் இல்லாமலே, தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

தீர்மானிக்கும் விதி எளிது. 'எம்கேஈ2எஃப்எஸ்' நிரல், வேறு ஆணை இல்லாதபோது, ஒவ்வொரு 16,384 பைட்டுக்கும் ஓர் ஐநோடு என்ற விகிதத்தில் ஒதுக்குகிறது. ஐநோடு ஒவ்வொன்றும் 256 பைட். எனவே 2-இன் 40-ஆம் அடுக்கு பைட் கொள்ளும் வட்டில், அதாவது வழக்கமாக நாம் 1 டிபி என்று சொல்வதில், 6,71,08,864 ஐநோடுகள் பிறக்கின்றன. அவை மட்டுமே 16 ஜிபி இடத்தை, வட்டில் 64-இல் ஒரு பங்கை, எடுத்துக்கொள்கின்றன. கோப்புகளின் சராசரி அளவு 16 கேபிக்கு மேற்பட்டிருக்கும்வரை பிளாக்குகளே முதலில் தீரும். ஐநோடுகள் மிஞ்சிக் கிடக்கும். சராசரி அதற்குக் கீழே இறங்கினால்தான் முறை தலைகீழாகிறது. இரண்டு கேபி, மூன்று கேபி அளவுள்ள கோப்புகளை லட்சக்கணக்கில் உற்பத்தி செய்யும் ஒரு நிரல், 20 ஜிபி மட்டுமே கொண்ட மலிவான மெய்நிகர் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தால், அங்கே உள்ள ஐநோடுகள் வெறும் 13 லட்சத்துச் சொச்சம் என்பதை எண்ணும்போது, விபத்து எவ்வளவு சமீபத்தில் இருக்கிறது என்பது விளங்கும்.

விசாரணையை எப்போதும் இரண்டு கட்டளைகளைச் சேர்த்தே தொடங்கவேண்டும்: 'டிஎஃப் -ஹெச்' பிளாக்குகளின் கணக்கைச் சொல்லும், 'டிஎஃப் -ஐ' ஐநோடுகளின் கணக்கைச் சொல்லும். முதலாவதில் 45 விழுக்காடும் இரண்டாவதில் 100 விழுக்காடும் காணப்பட்டால் நிர்ணயம் முடிந்தது. இரண்டையும் வட்டு முழுமைக்கும் பார்த்தால் போதாது; பிழை எழுந்த கோப்பகம் எந்தக் கோப்பு முறைமையில் இருக்கிறதோ அதைக் குறிப்பிட்டுப் பார்க்கவேண்டும், ஏனெனில் 'வார்', 'டெம்ப்', 'ரன்' ஆகியவை தனித்தனியே மவுன்ட் செய்யப்பட்டிருக்கக்கூடும். நினைவகத்தில் வாழும் டெம்ப்எஃப்எஸ்ஸுக்கும் ஐநோடு வரம்பு உண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்னொரு சூட்சுமம்: பிடிஆர்எஃப்எஸ் முறைமையில் 'டிஎஃப் -ஐ' மொத்தம் பூஜ்யம் என்றே காட்டும், அது தேவைக்கேற்ப ஐநோடுகளைப் படைத்துக்கொள்வதால் நிலையான தொகை என்று சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை. அதைக் கண்டு பதறவேண்டாம்.

அடுத்தது, ஏடுகளை விழுங்கியது யார் என்பது. 'டியூ --ஐநோட்ஸ் -எக்ஸ்' என்று மூலக் கோப்பகத்தின்மேல் ஏவி, விடையை 'சார்ட் -என்' மூலம் வரிசைப்படுத்தி, கடைசி இருபது வரிகளைப் பார்ப்பதே நான் சிபாரிசு செய்யும் வழி. சிறிய எக்ஸ் என்ற அந்த விருப்பம் விசாரணையை ஒரே கோப்பு முறைமைக்குள் கட்டுப்படுத்துகிறது; அதை விட்டுவிட்டால் 'ப்ராக்' முதலிய மாயக் கோப்பகங்களுக்குள்ளெல்லாம் நுழைந்து பொழுது வீணாகும். மிகப் பழைய சர்வர்களில் 'டியூ'வுக்கு இந்த விருப்பம் இராது. அங்கே 'ஃபைண்ட்' கட்டளையைக் கொண்டு ஒவ்வொரு கோப்பின் தாய்க் கோப்பகப் பெயரையும் அச்சிட்டு, வரிசைப்படுத்தி, 'யூனிக் -சி' கொண்டு எண்ணவேண்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. பெரிய பட்டியலை வரிசைப்படுத்தும்போது 'சார்ட்' நிரல் 'டெம்ப்' கோப்பகத்தில் தற்காலிகக் கோப்பு ஒன்றை உண்டாக்க முயலும். ஐநோடு தீர்ந்த அதே முறைமையில் 'டெம்ப்'பும் இருந்தால், நோயைக் கண்டுபிடிக்க வந்த கருவியும் அதே நோயால் விழுந்துவிடும். பெரிய எழுத்து டி விருப்பத்தோடு நினைவகத்தில் உள்ள 'டெவ்/எஸ்ஹெச்எம்' கோப்பகத்தைச் சுட்டிவிட்டால் இந்தத் தடை நீங்கும்.

குற்றவாளிகள் பெரும்பாலும் பழக்கமானவர்களே. அவர்களுள் முதன்மையானது பிஹெச்பி செஷன் கோப்புகள். டெபியன், உபுண்டு விநியோகங்களில் பிஹெச்பி தானே நடத்தவேண்டிய குப்பை நீக்கத்தின் நிகழ்தகவு பூஜ்யமாக வைக்கப்பட்டு, அந்தப் பொறுப்பு அரைமணிக்கு ஒருமுறை ஓடும் 'செஷன்கிளீன்' என்ற தனி வேலையிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. இது அமைப்புக் கோப்புகளில் எழுதப்பட்ட கோப்பகத்தை மட்டுமே கூட்டிப் பெருக்கும். எவரேனும் தம் நிரலுக்குள்ளே செஷன்களுக்கு வேறோர் இடத்தைக் குறிப்பிட்டுவிட்டால், அந்த இடத்தைப் பெருக்க ஒருவரும் வரமாட்டார்கள். வலைத்தளத்துக்கு வந்துபோகும் ஒவ்வொரு தேடுபொறித் தானியங்கியும் ஒரு கோப்பை விட்டுச்செல்ல, சில மாதங்களில் கோப்பகம் லட்சங்களைத் தாண்டும். போஸ்ட்ஃபிக்ஸின் 'மெயில்டிராப்' வரிசை இரண்டாவது. கிரான் வேலைகள் தம் வெளியீட்டை மின்னஞ்சலாக அனுப்ப முயல்கின்றன. போஸ்ட்ஃபிக்ஸ் ஓடாதபோதும் கடிதங்கள் மட்டும் அந்தக் கோப்பகத்தில் விழுந்துகொண்டே இருக்கும். நிமிஷத்துக்கு ஒரு கிரான் வேலை இருந்தால் வருஷத்துக்கு 5,25,600 கடிதங்கள்! இவை தவிர, பழைய கர்னல்களின் ஹெடர் பொதிகள், கடிதத்துக்கு ஒரு கோப்பு என்னும் மெயில்டிர் பெட்டிகள், படங்களைச் சிறிதாக்கிச் சேமிக்கும் கேஷ்கள், கவனிப்பாரற்ற டாக்கர் இமேஜ்கள் ஆகியவற்றையும் பார்க்கவேண்டும்.

அழிக்கும் காரியத்தில் அவசரம் ஆகாது. நட்சத்திரக் குறியோடு 'ஆர்எம்' ஏவினால், ஷெல் அத்தனை பெயர்களையும் ஒரே கட்டளையில் கோர்க்க முயன்று, 'வாதங்களின் பட்டியல் மிக நீளம்' என்று சொல்லி நின்றுவிடும். வெறும் 'எல்எஸ்' ஏவினாலும், அது பெயர்களை வரிசைப்படுத்த முனைந்து நெடுநேரம் மௌனமாக இருக்கும்; வரிசைப்படுத்தாமல் காட்டும் 'எல்எஸ் -எஃப்' உடனே பேசும். ஒரு நாளுக்கு முற்பட்ட கோப்புகளை நீக்க, 'ஃபைண்ட்' கட்டளையில் இடத்தையும், வகை கோப்பு என்பதையும், வயது 1,440 நிமிஷத்துக்கு மேல் என்பதையும் சொல்லி, முடிவிலே '-டிலீட்' சேர்க்கவேண்டும். முடிவிலே என்பதை அழுத்திச் சொல்கிறேன்: அந்த நிரல் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகப் பரிசீலிப்பதால், '-டிலீட்' முன்னே வந்துவிட்டால் நிபந்தனைகளைப் பாராமலே அனைத்தையும் துடைத்துவிடும். முதலில் '-பிரின்ட்' போட்டு, வரும் பெயர்களைக் கண்ணால் கண்டு திருப்தியடைந்த பின்னரே அதை மாற்றுவது விவேகம். சர்வர் வேலையில் இருக்கும்போதே அழிப்பதானால் 'ஐஓநைஸ்' மூலம் அதன் முன்னுரிமையைத் தாழ்த்திக்கொள்ளலாம். இத்தனைக்கும் பிறகு, கோடிக் கோப்புகளைச் சுமந்த கோப்பகம் எக்ஸ்ட்4-இல் பொதுவாகச் சுருங்குவதில்லை. உள்ளே பத்துக் கோப்பே மிஞ்சியிருந்தாலும் அதன் உடல் நூற்றுக்கணக்கான எம்பியாகவே நின்று, ஒவ்வொரு முறை பட்டியலிடும்போதும் தாமதத்தை உண்டாக்கும். புதிய கோப்பகம் ஒன்றைப் படைத்து, மிஞ்சியவற்றை அங்கே மாற்றி, உரிமையாளரையும் அனுமதிகளையும் பழையபடி அமைத்து, பழையதை நீக்குவது உத்தமம்.

ஐநோடுகள் தாராளமாக இருந்தும் அதே பிழை தொடருமானால், அதன் மற்ற வேஷங்களை ஆராயவேண்டும். அழித்த கோப்பை ஏதேனும் ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருந்தால், அதன் பிளாக்குகளும் ஐநோடும் விடுதலை பெறா. 'டிஎஃப்' ஒரு கணக்கும் 'டியூ' வேறொரு கணக்கும் சொல்வது இதன் லட்சணம். 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' (எல் பெரிய எழுத்து) அத்தகைய கோப்புகளையும் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிரல்களையும் காட்டிக்கொடுக்கும். நிரலை மறுபடி தொடங்கினால் தீர்ந்தது. எக்ஸ்ட்4 முறைமை வட்டில் 5 விழுக்காட்டை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைப்பதால், சாதாரணப் பயனர்களுக்கு மட்டும் இடமில்லாமற்போவது இன்னொரு வேஷம். 10 டிபி தரவு வட்டில் இந்த ஒதுக்கீடு 500 ஜிபி ஆகிவிடும் என்பதால், அங்கே 'டியூன்2எஃப்எஸ் -எம் 1' என்று குறைப்பதில் தவறில்லை. ஒரே கோப்பகத்தில் ஏறத்தாழ ஒரு கோடிக் கோப்புகள் சேர்ந்து அதன் அட்டவணை மரம் நிரம்புவதும் இதே பிழையைத் தரும். கர்னல் செய்திகளில் கோப்பக அட்டவணை நிரம்பிவிட்டதாக ஒரு வரி கிடைக்கும். எல்லாவற்றிலும் வேடிக்கையானது, கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் ஐநோட்டிஃபை வசதியின் எண்ணிக்கை வரம்பு தீரும்போதும் கர்னல் இதே 28-ஐத் தருவதுதான். பழைய கர்னல்களில் அந்த வரம்பு 8,192 மட்டுமே. வட்டுக்கும் இதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. சிஸ்சிடிஎல் மூலம் வரம்பை உயர்த்தினால் போதும்.

ஐநோடுப் பஞ்சத்துக்கு நிரந்தர நிவாரணம் என்ன? எக்ஸ்ட்4-இல் விகிதத்தைப் பின்னால் மாற்ற உபாயம் இல்லை. வட்டை விரித்து 'ரீசைஸ்2எஃப்எஸ்' ஏவினால், புதிதாகச் சேரும் ஒவ்வொரு 128 எம்பி பிளாக் குழுவோடும் அதே விகிதத்தில் 8,192 ஐநோடுகள் வந்து சேரும்; எல்விஎம் அல்லது மெய்நிகர் வட்டு உள்ளவர்களுக்கு இது அவசரத்துக்கு உதவும் வழி. சிறு கோப்புகளே குடியிருக்கப்போகும் இடத்தை மீண்டும் ஃபார்மட் செய்யும் வாய்ப்பு கிடைத்தால், '-ஐ 4096' என்றோ, '-டி ஸ்மால்' என்றோ கொடுத்தால் ஐநோடுகள் நான்கு மடங்காகும்; இந்த டி பெரிய எழுத்து. அதற்காக எல்லா வட்டுகளிலும் விகிதத்தைக் கூட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது. பேக்கப் கோப்புகளும் வீடியோக்களும் மட்டும் வைக்கும் வட்டில் அது வீண் செலவு. அங்கே 'லார்ஜ்ஃபைல்' என்ற வகையே தகும்.

இனிச் சிதறலுக்கு வருவோம். கோப்புகள் சிதறினால் வட்டு மந்தமாகும் என்ற அறிவு யூனிக்ஸ் உலகுக்குப் பழையது. 1984-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்குசிக், ஜாய், லெஃப்ளர், ஃபாப்ரி ஆகிய நால்வர் வெளியிட்ட கட்டுரையில், பழைய கோப்பு முறைமை புதிதாக இருக்கையில் விநாடிக்கு 175 கேபி வேகத்தில் படித்ததென்றும், சில வாரப் புழக்கத்துக்குப் பின் பிளாக்குகள் தாறுமாறாகிப் போனதால் அது 30 கேபியாகத் தேய்ந்ததென்றும் பதிவுசெய்திருக்கிறார்கள். வட்டைச் சிலிண்டர் குழுக்களாகப் பிரித்து, உறவுள்ள பிளாக்குகளை அருகருகே வைத்து, வட்டில் ஒரு பங்கை எப்போதும் காலியாக விட்டுவைப்பது என்பதே அவர்கள் கண்ட பரிகாரம். லினக்ஸின் பிளாக் குழுக்கள் அந்தப் பரம்பரையில் வந்தவையே. 2008 டிசம்பரில் வெளியான 2.6.28 கர்னலில் நிலைபெற்ற எக்ஸ்ட்4, இதற்குமேல் எக்ஸ்டென்ட் முறையையும், தரவு எவ்வளவு என்று தெரியும்வரை இடம் ஒதுக்குவதைத் தள்ளிப்போடும் வழக்கத்தையும், பல பிளாக்குகளை ஒரே மூச்சில் ஒதுக்கும் திறனையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே வாரந்தோறும் டிஃப்ராக் செய்யவேண்டும் என்று விண்டோஸ் காலத்தில் கற்ற பழக்கத்தை லினக்ஸ் சர்வரில் அனுஷ்டிப்பது அநாவசியம் என்பதே என் திடமான அபிப்பிராயம். இங்கே சிதறல் என்பது பெரும்பாலும் தனி நோயன்று; வட்டை 90, 95 விழுக்காடு வரை நிரப்பி வைத்ததன் பின்விளைவு. நிரம்பிய வட்டில் டிஃப்ராக் ஓட்டுவதால், கோப்புகளைச் சேர்த்துவைக்கத் தொடர்ச்சியான இடமின்றி, வட்டு அலைக்கழிவதைத் தவிர வேறு பலன் விளையாது.

சந்தேகம் வந்தால் அளந்து பார்க்கலாம். 'ஃபைல்ஃப்ராக்' ஒரு கோப்பு எத்தனை எக்ஸ்டென்ட்களாகக் கிடக்கிறது என்று சொல்லும். எக்ஸ்ட்4-இல் ஓர் எக்ஸ்டென்டின் உச்ச நீளம் 128 எம்பி. எனவே '-வி' விருப்பத்தோடு பார்க்கையில், குறையே இல்லாத 1 ஜிபி கோப்பும் 8 வரிகளாகத்தான் தோன்றும். 'ஈ4டிஃப்ராக் -சி' எதையும் மாற்றாமல் ஒரு மதிப்பெண் மட்டும் கொடுக்கும்: 30 வரை பாதகமில்லை, 31 முதல் 55 வரை சிறிது சிதறல், 56-க்கு மேல் சிகிச்சை தேவை என்பது அதன் அளவுகோல். எக்ஸ்எஃப்எஸ்ஸில் 'எக்ஸ்எஃப்எஸ்_டிபி' தரும் சிதறல் விழுக்காடு பார்ப்பவரை மயக்குவது. இருக்கும் எக்ஸ்டென்ட்களிலிருந்து இருக்கவேண்டியவற்றைக் கழித்து, இருப்பவற்றால் வகுத்து வருவது அது. ஒவ்வொரு கோப்பும் சராசரியாக இரண்டே துண்டாக இருந்தால் 50 என்றும், பத்துத் துண்டானால் 90 என்றும் காட்டும். பல ஜிபி கோப்பு பத்துத் துண்டாக இருப்பதால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. சுழலும் வட்டில் ஒரு தரவுத்தளக் கோப்பு பதினாயிரக்கணக்கான துண்டுகளாகக் கிடந்து, 'ஐஓஸ்டாட்' காத்திருப்பு நேரத்தையும் உயர்த்திக் காட்டினால்தான் செயலில் இறங்கவேண்டும். எஸ்எஸ்டி வட்டில் தலையை நகர்த்தும் வேலையே இல்லாததால் டிஃப்ராக் செய்வது ஆயுளைக் குறைக்கும் வெறும் எழுத்துவேலை. அங்கே 'எஃப்எஸ்டிரிம்' ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதே பயன்.

செயலில் இறங்குவதானால், நிரலை நிறுத்தி, கோப்பை வேறு வட்டுக்கு நகலெடுத்துத் திரும்பக் கொண்டுவருவது பழைய முறையாயினும் நம்பகமானது. பிடிஆர்எஃப்எஸ்ஸில் மட்டும் ஒரு எச்சரிக்கை: ஸ்னாப்ஷாட்கள் உள்ள இடத்தில் டிஃப்ராக் செய்தால், பகிர்ந்திருந்த பிளாக்குகள் பிரிந்து, இடம் மிச்சமாவதற்குப் பதிலாகச் செலவாகும். தரவுத்தளமும் மெய்நிகர் இயந்திர இமேஜும் அங்கே இடைவிடாது சிதறுவது, எழுதும்போதெல்லாம் புதிய இடத்துக்கு நகலெடுக்கும் அதன் சுபாவத்தால். வெறுமையாக இருக்கும்போதே கோப்பகத்துக்கு 'சிஹெச்ஏடிடிஆர் +சி' (சி பெரிய எழுத்து) இட்டுவைத்தால், அதில் பிறக்கும் கோப்புகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. தரவின் சரிபார்ப்புக் கூட்டுத்தொகையை அதனால் இழக்கிறோம் என்பதையும் அறிந்தே செய்யவேண்டும்.

ஐநோடுப் பஞ்சமும் சிதறலும் ஒன்றாகச் சேர்ந்து தாக்கும் இடம் எக்ஸ்எஃப்எஸ். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் ஐரிக்ஸில் 1994-இல் பிறந்து, ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 வெளிவந்த 2014 முதல் அதன் இயல்பான முறைமையாக இருந்துவரும் இது, ஐநோடுகளை முன்கூட்டியே ஒதுக்குவதில்லை. வேண்டும்போது 64 ஐநோடுகள் கொண்ட கட்டுகளாகப் படைத்துக்கொள்கிறது. ஆகவே 'டிஎஃப் -ஐ' தரும் எண் காலியிடத்தைப் பொறுத்து ஏறியிறங்கும் மதிப்பீடே. ஐநோடு ஒன்று 512 பைட் என்றால் ஒரு கட்டுக்கு 32 கேபி தொடர்ச்சியாகவும் எல்லை பொருந்தியும் வேண்டும். காலியிடமெல்லாம் 4 கேபி, 8 கேபித் துணுக்குகளாகச் சிதறிய பழைய வட்டில், 'டிஎஃப்'பின் இரு கணக்கும் தாராளத்தைக் காட்ட, புதிய கோப்பு மட்டும் பிறக்க மறுக்கும். ஏற்கெனவே உள்ள கோப்பில் எழுதுவதோ தடையின்றி நடக்கும். இந்த முரண்பாடே இந்நோயை அடையாளம் காட்டும் குறி. 'எக்ஸ்எஃப்எஸ்_டிபி'யைப் படிக்க மட்டும் திறந்து 'ஃப்ரீஸ்ப்' என்று கேட்டால், காலியிடம் எந்த எந்த அளவுத் துண்டுகளாக இருக்கிறது என்ற அட்டவணை வரும். எட்டுப் பிளாக்குக்கு மேற்பட்ட வரிசைகள் வெறுமையாக இருந்தால் சந்தேகம் ஊர்ஜிதம்.

இங்கே 'எக்ஸ்எஃப்எஸ்_எஃப்எஸ்ஆர்' ஏவுவது பலருக்கும் தோன்றும் யோசனை. ஆனால் அது கோப்புகளை ஒன்றுசேர்க்கும் கருவியே அன்றிக் காலியிடத்தை ஒன்றுசேர்ப்பதன்று, சில சமயம் காலியிடத்தை மேலும் துணுக்காக்கியும் விடும். பெரிய கோப்புகள் சிலவற்றை வேறிடத்துக்கு மாற்றுவது, அல்லது வட்டை விரித்து 'எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ்' ஏவுவது, இரண்டுமே உடனடிப் பலன் தரும். கட்டு முழுதும் கிடைக்காதபோது சிறு துண்டிலும் ஐநோடு வைத்துக்கொள்ளும் 'ஸ்பார்ஸ்' வசதி 'எக்ஸ்எஃப்எஸ்_இன்ஃபோ'வில் 1 என்று இருந்தால் இத்தொல்லை அரிது. 0 என்றிருந்தால், அடுத்த பராமரிப்பு வேளையில் பேக்கப் எடுத்து, புதிய கருவிகளால் மறுபடி ஃபார்மட் செய்து, தரவைத் திரும்ப நிரப்பத் திட்டமிடவேண்டும். அதே வெளியீட்டில் 'ஐமேக்ஸ்பிசிடி' என்ற எண்ணையும் பார்க்கவேண்டும். ஐநோடுகள் எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச விழுக்காடு அது: 1 டிபிக்குக் குறைந்த வட்டில் 25, 50 டிபி வரை 5, அதற்குமேல் 1. சிறு கோப்புகள் நிறைந்த பெரிய வட்டில் இந்த வரம்பே சுவராக நிற்பதும் உண்டு. எக்ஸ்ட்4-ஐப் போலன்றி, 'எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் -எம்' கொண்டு, மவுன்டை அவிழ்க்காமலே, இதை உயர்த்திக்கொள்ளலாம்.